கெட்ட அடிக்கு ஒரு டிரைவர்

கோல்ஃபில் முதல் அடியைத் தூரமாக அடிக்கிற பெரிய தலைத் தடிக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன்: உங்களுடைய பிழைத்த அடி எங்கே போய் விழுகிறது? நல்ல அடி எவ்வளவு தூரம் போகும் என்பதை எல்லோரும் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். பிழைத்த அடியைக் கேட்டதும் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள். வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகிறதா, எழும்பாமல் புல்லோடு ஓடுகிறதா, இடப்பக்கம் சுருண்டு விழுகிறதா? எங்களைப் போல விடுமுறையிலும் வாரக்கடைசியிலும் விளையாடுகிறவர்கள் டிரைவர் தேடுவதை அந்த யோசனையில்தான் தொடங்க வேண்டும்.

நான் கோண்டாவில்காரன். கோல்ஃப் பழகியது கனடாவில் வேலை செய்த காலத்தில். ஸ்காபரோவில் மாநகரசபை நடத்தும் டாம் ஓ ஷான்டர் மைதானத்தில், கோடை மாலைகளில், வேலை முடிந்து நேரே போய் அடித்துப் பழகினேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். நுவரெலியா, திகனவில் உள்ள விக்டோரியா, கொழும்புக்குப் போனால் றோயல் கொழும்பு என்று வருடத்தில் சில தடவை மைதானத்தில் இறங்குகிறேன். மற்ற நாட்களில் வளவுக்குள் வலை கட்டி அடிக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். அதில் இரண்டு மூன்று பேராவது கோல்ஃப் பையோடு வருவார்கள், தேர் தீர்த்தம் முடிந்து மலைநாட்டுக்குப் போகிற திட்டத்தோடு. அவர்களுடைய டிரைவர்கள் எல்லாம் என் வலையில் ஒருமுறை அடிபட்டுத்தான் போகும். அப்படிப் பலருடைய கையிலும் பலவிதமான டிரைவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு வெண்கட்டி எடுங்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குப் பாவிக்கிற சாதாரண வெண்கட்டிதான். டிரைவரின் முகத்தில், அதாவது பந்தில் படுகிற பக்கத்தில், முழுக்க நன்றாகப் பூசிவிட்டுப் பந்தை அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் வட்டமாக ஒரு குறி விழும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், துடைத்துப் பூசி மறுபடி அடியுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி போதும். பிறகு படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தொழில்முறை ஆட்டக்காரரின் குறிகள் ஒரு நாணயம் அளவு இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். எங்களுடையது முகம் முழுக்கப் பரவிக் கிடக்கும். ஒன்று தண்டில் இருந்து தள்ளிய நுனிப்பக்கம், ஒன்று தண்டை ஒட்டிய குதிப்பக்கம், ஒன்று அடிவிளிம்பில். அதுதான் உங்களுடைய உண்மையான ஆட்டம். கடையில் நின்று ஒரு நல்ல அடியைக் கணினித் திரையில் பார்த்துவிட்டு வாங்குகிறவர் இந்தப் பரவலைப் பார்ப்பதேயில்லை. ஒரு விஷயம்: வெண்கட்டி பூசிய முகத்தில் பந்தின் சுழற்சி மாறும். ஆகவே அந்த அடிகள் எப்படிப் பறந்தன என்று கணக்கெடுக்க வேண்டாம், குறி விழுந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

சரி, நடுவில் படாவிட்டால் என்ன நடக்கிறது? சாதாரணமாக விளையாடும் ஆணின் டிரைவர் மணிக்கு 150 கிலோமீற்றர் அளவு வேகத்தில் வந்து பந்தைத் தொடுகிறது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுகிறவர்களுடையது 180ஐத் தாண்டும். பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் பந்து நுனிப்பக்கம் பட்டால், தலை பின்னோக்கித் திரும்பிவிடும். வேகம் பந்துக்குப் போகாமல் திரும்புவதில் வீணாகும். தலை ஒரு பக்கம் திரும்பும்போது பந்து எதிர்ப்பக்கம் சுழலும். அதனால்தான் வலக்கைக்காரர் நுனியில் அடித்தால் பந்து இடப்பக்கம் வளைகிறது, குதியில் அடித்தால் வலப்பக்கம் வளைகிறது. டிரைவரின் முகம் தட்டையாக இல்லாமல் கொஞ்சம் வெளியே புடைத்திருப்பதும் இதற்காகவே. நுனியில் பட்ட பந்தை முதலில் வலப்பக்கமாகப் புறப்படவைத்தால், பிறகு சுழற்சி அதை நடுவுக்குக் கொண்டுவரும். மேல்பக்கம் பட்டால் பந்து உயரமாக, குறைந்த சுழற்சியோடு போகும். கீழ்ப்பக்கம் பட்டால் தாழ்வாகப் புறப்பட்டு, தேவையில்லாத பின்சுழற்சியோடு தூரம் குறைந்து விழும்.

பெரிய தலையின் வேலை இந்தத் திருப்பத்தைக் குறைப்பது. தோளில் ஒரு தடியை வைத்து இரு முனையிலும் தண்ணீர்க் குடம் கட்டியவர் சட்டென்று திரும்ப முடியாது, அதே பாரத்தைத் தடியின் நடுவில் கட்டியிருந்தால் இலேசாகத் திரும்புவார். டிரைவரிலும் அப்படித்தான், பாரம் நடுவை விட்டு விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் போகப் போகத் தலை முறுகாமல் நிற்கும். உயர்தரத்தில் சடத்துவத் திருப்பம் என்று பௌதிகவியலில் படித்தது இதைத்தான். கோல்ஃப்காரர்கள் எம்.ஓ.ஐ என்பார்கள்.

பழைய காலத்து டிரைவர்களின் தலை பெர்சிமன் மரத்தில் கடைந்தது. இன்றைய தலையின் பாதி அளவுகூட வராது, நடுவை விட்டுப் பட்டால் கை அதிரும். 1979இல் டெய்லர்மேட் உள்ளே வெறுமையான உருக்குத் தலையைக் கொண்டுவந்தது. 1991இல் கலவே நிறுவனத்தின் பிக் பேர்த்தா வந்தது. அதன் தலை 190 கனசென்ரிமீற்றர், அந்தக் காலத்தில் அதுவே மிகப் பெரிது. 1995இல் அதே நிறுவனம் டைட்டேனியத்தில் 250 அளவுத் தலை செய்தது. டைட்டேனியம் உருக்கை விட இலேசானது, உறுதியானது. ஆகவே சுவரை மெல்லியதாக்கித் தலையைப் பெருப்பிக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே போட்டிதான், ஒவ்வொரு வருடமும் தலை வீங்கிக்கொண்டே போனது. கடைசியில் விதி வகுக்கும் இரண்டு அமைப்புகளும், அதாவது ஸ்கொட்லாந்தின் ஆர் அண்ட் ஏயும் அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏயும், 2004இல் 460 கனசென்ரிமீற்றர் என்று எல்லை போட்டன. 2006இல் தலை முறுகாமல் நிற்கும் தன்மைக்கும் ஓர் எல்லை வந்தது. நிலைக்குத்து அச்சைச் சுற்றி அது 5,900 கிராம் சதுரசென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. 2007இல் அந்த எல்லையை எட்டுவதற்காகவே சதுரத் தலைகள் வந்தன. நைக்கி தன்னுடையதன் பெயரிலேயே 5900 என்று போட்டது. அடித்தால் தகரச் சத்தம் வரும், ஆனால் பந்து நேராகப் போகும். சதுரம் நிலைக்கவில்லை. இப்போது வட்டத் தலையிலேயே காபன் நாரை மேலே போட்டுப் பாரத்தை மிச்சம் பிடித்து, டங்ஸ்டன் துண்டைப் பின்னால் வைத்து அதே பலனை எடுக்கிறார்கள்.

ஆகவே இன்று கடையில் தொங்குகிற டிரைவர்களில் பெரும்பாலானவை 460தான். எல்லாம் 460 என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. அந்த 460க்குள் பாரம் எங்கே இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். முன்பக்கம் பாரம் வைத்தது சுழற்சி குறைந்தது, வேகமாக அடிக்கிறவருக்கு நல்லது, நடுவில் படாவிட்டால் தண்டிக்கும். பின்பக்கம் ஆழத்தில் பாரம் வைத்தது கொஞ்சம் உயரமாகப் பறக்கும், சுழற்சி ஓரளவு கூடும், பிழை பொறுக்கும். பல நிறுவனங்கள் இந்த இரண்டாவது வகைக்கு ‘மக்ஸ்’ என்று பெயர் வைக்கின்றன. 2024இல் பிங் நிறுவனத்தின் ஜி430 மக்ஸ் 10கே, டெய்லர்மேட்டின் கியூஐ10 மக்ஸ் இரண்டும் பத்தாயிரம் என்ற எண்ணோடு வந்தபோது, விதி 5,900 என்கிறதே, இது எப்படி என்று என்னைப் பலர் கேட்டார்கள். விதியின் எல்லை ஓர் அச்சுக்குத்தான். பத்தாயிரம் என்பது பக்கவாட்டுத் திருப்பத்தையும் மேல்கீழ்த் திருப்பத்தையும் கூட்டிவந்த எண். இரண்டும் விதிக்குள்தான் இருக்கின்றன. அந்த எண்ணுக்காகவே புதிதாக வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2021இல் வந்த பிங் ஜி425 மக்ஸில் பின்னால் 26 கிராம் டங்ஸ்டன் இருக்கிறது. அதைப் பாவித்த விலையில் ஒரு மருமகன் எடுத்து வந்தார், அடித்துப் பார்த்தேன். எங்களுடைய வேகத்துக்கும் எங்களுடைய பரவலுக்கும் அது தாராளம்.

நுவரெலியாவில் ஒரு நாள் கேட்ட பேச்சை இங்கே சொல்ல வேண்டும். 1889இல் தொடங்கிய மைதானம் அது. உயரம் 1,800 மீற்றருக்கு மேல், காற்று ஐதாக இருப்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் இரு பக்கமும் மரங்கள் நெருக்கமாக நிற்கும். என் மனைவியின் தம்பி ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தான். கையில் முகம் 9 பாகை மட்டுமே சாய்ந்த டிரைவர், விறைப்பான தண்டு, தொழில்முறை ஆட்டக்காரருக்கென்று செய்த வகை. “அத்தான், இது புரோமார் அடிக்கிற மொடல் எண்டு கடையில சொன்னவங்கள்” என்று பெருமையாகக் காட்டினான். முதல் டீயில், அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற இடத்தில் நின்று, பை தூக்க வந்த இளைஞரிடம் தன் நல்ல அடி எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சார், நல்ல அடி நடுவுல தான் கெடக்கும், அத நானே பாத்துக்குவேன். கெட்ட அடி எந்தப் பக்கம் போகும்னு சொல்லுங்க. நான் அங்க போயி நிக்கிறேன்.”

மச்சானுடைய கெட்ட அடி வலப்பக்கம் போகும். அந்த இளைஞர் அன்று முழுக்க வலப்பக்க மரங்களுக்குள்தான் நின்றார். டிரைவர் வாங்குவது பற்றி நான் வாசித்த எதிலும் இவ்வளவு தெளிவான அறிவுரை இருந்ததில்லை. பந்து தேடுகிறவருடைய கண்ணால் பார்த்தால், எல்லாம் விளங்கிவிடும்.

பிறகு விக்டோரியாவில், ஆட்கள் குறைந்த ஒரு நாளில், மச்சானை இரண்டு டிரைவராலும் அடிக்கவைத்தேன். அவனுடைய 9 பாகை ஒன்று, மருமகன் கொண்டுவந்த மக்ஸ் வகை ஒன்று. ஒரே டீ, ஒரே வகைப் பந்து, மாறி மாறி. அன்றைக்கு எல்லாவற்றிலும் தூரமாகப் போன அடி அவனுடைய பழைய டிரைவரில் இருந்துதான் வந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த டிரைவரின் மற்ற அடிகளைத் தேடப் போனபோது, ஒன்று நெடும்புல்லில், ஒன்று வெகு கிட்ட, ஒன்று கிடைக்கவேயில்லை. மக்ஸின் பந்துகள் வெட்டிய புல்லிலும் அதன் ஓரத்திலுமாகக் கிட்டக் கிட்டக் கிடந்தன. குதியில் பட்டதென்று சத்தத்திலேயே தெரிந்த ஓர் அடிகூட, தூரம் குறைந்தாலும், அடுத்த அடி அடிக்கக்கூடிய இடத்தில் இருந்தது. பதினெட்டுக் குழியும் ஆடி முடித்து அட்டையில் எழுதும்போது அந்த ஒரு நீளமான அடிக்கு யாரும் மார்க் போடுவதில்லை. தொலைந்த பந்துக்குத் தண்டம் உண்டு.

பெரிய தலை எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் அது வராது. பந்து புறப்படும் திசையை முக்கியமாகத் தீர்மானிப்பது, பட்ட நேரத்தில் முகம் எங்கே பார்த்தது என்பது. வளைவைத் தீர்மானிப்பது, தலை வந்த பாதைக்கும் முகம் பார்த்த திசைக்கும் உள்ள வித்தியாசம். வெளியே இருந்து உள்ளே வெட்டி, முகத்தைத் திறந்தபடி கொண்டுவருகிறவர் நடுவில் அடித்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். அதை எம்.ஓ.ஐ திருத்தாது. அதற்குக் குதிப்பக்கம் பாரம் வைத்த, இடப்பக்கத்துக்குச் சாய்வு கொடுத்த வகைகள் இருக்கின்றன. ஓரளவு உதவும். மீதியைப் பயிற்சியில்தான் பார்க்க வேண்டும். வெண்கட்டிக் குறி நடுவில் நெருக்கமாக இருந்தும் பந்து வளைந்தால் உங்களுடைய பிரச்சினை இது. குறி பரவியிருந்தால் பெரிய தலை உங்களுக்குத்தான்.

லொஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, எங்கள் ஆட்கள் பிடிவாதம் பிடிக்கிற இடம். ஆண்பிள்ளைக்கு 9 பாகை என்று யார் சொன்னார்களோ தெரியாது, ஆழமாக வேரூன்றிவிட்டது. வேகம் குறைந்தவருக்குச் சாய்வு கூட வேண்டும். அப்போதுதான் பந்து எழும்பி, காற்றில் நின்று, தூரம் போகும். 150 கிலோமீற்றர் வேகத்துக்கு 10.5 பாகையில் தொடங்குங்கள். அதைவிட மெதுவானவர் 12க்கும் போகலாம். இன்னொரு நன்மையும் உண்டு. சாய்வு கூடினால் பின்சுழற்சி கூடும், அதனால் பக்கவாட்டு வளைவு குறையும். அதே கையால் அடித்த அதே பிழை, 9 பாகையில் வளைகிற அளவு 12இல் வளையாது. என் மனைவி 12 பாகை, இலேசான தண்டு, மக்ஸ் வகைத் தலையோடு ஆடுகிறாள். எங்கள் கூட்டத்தில் வெட்டிய புல்லை விட்டு விலகாமல் போகிறவள் அவள்தான். அவளைப் பார்த்த பிறகுதான் அவளுடைய தம்பி சாய்வைப் பற்றிப் பேசச் சம்மதித்தான்.

இப்போது வருகிற டிரைவர்கள் பலவற்றில், தண்டும் தலையும் சேருகிற கழுத்தில் ஒரு திருகு இருக்கும், கழற்றித் திருப்பிப் போட்டால் சாய்வு ஒன்றரை, இரண்டு பாகை வரை மாறும். சாய்வைக் கூட்டும்போது முகமும் இடப்பக்கமாகக் கொஞ்சம் மூடிக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். வலப்பக்கம் வளைக்கிறவருக்கு அது நல்லது, இடப்பக்கம் சுருட்டுகிறவருக்குக் கேடு.

நீளம் பற்றி நான் இன்னும் உறுதியாக நிற்கிறேன். கடையில் விற்கிற டிரைவர்கள் 45.5 அங்குலம், சிலவேளை 46. நீளம் கூடினால் வேகம் கூடும், நடுவில் படுவது குறையும். தொழில்முறை ஆட்டக்காரர்களே பலர் 45 அங்குலத்துக்குக் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்களை விடத் திறமை குறைந்த நாங்கள் ஏன் நீளமான தடியைப் பிடிக்க வேண்டும்? வெட்டுவதற்கு முன் சும்மா ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். வெண்கட்டிக் குறி நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கினால், பிடி இருக்கும் பக்கத்தால் அரை அங்குலம் வெட்டலாம். தலைப்பக்கத்தால் வெட்டினால் தண்டின் வளைவுத் தன்மை மாறிவிடும். வெட்டிய பிறகு தலை இலேசாகத் தோன்றும். ஏறத்தாழ 6 கிராம் ஈயப்பட்டியைத் தலையின் பின் அடியில் ஒட்டினால் பழைய உணர்வு திரும்பும். ஒட்டுகிற ஈயப்பட்டியை வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் சொல்லி வையுங்கள், கடித உறைக்குள் அடங்குகிற சாமான்.

தண்டின் விறைப்புக்கு ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துப் போடுவார்கள். ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் மிகவும் விறைப்பு. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் மாதிரி இருக்கும், பொதுவான அளவுகோல் கிடையாது. ஆகவே எழுத்தைப் பார்த்து வெட்கப்பட எதுவும் இல்லை. கடைசிக் குழியிலும் களைக்காமல் வீச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 50 கிராம் அளவுள்ள தண்டு எங்களில் அதிகம் பேருக்குச் சரியாக இருக்கும்.

வளவில் வலை கட்டுவது பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்கிறேன். குருநகர்ப் பக்கம் கடற்தொழில் செய்கிறவரிடம் நைலோன் வலை வாங்கி, இரண்டு மடிப்பாக்கி, தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் தொங்கவிட்டிருக்கிறேன். இறுக்கிக் கட்டக் கூடாது. தளர்வாகத் தொங்கினால்தான் பந்தின் வேகத்தை விழுங்கும், இறுக்கினால் பந்து திரும்பி உங்களிடமே வரும். டிரைவரில் இருந்து புறப்படும் பந்து மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டும், விளையாட்டல்ல. வலைக்குப் பின்னால் தடித்த தறப்பாள் ஒன்று, அதற்கும் பின்னால் மதில். பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் படலைக்குள் வந்தால் அடிப்பதை நிறுத்திவிடுவேன். வெயிலில் கிடந்த நைலோன் நாளடைவில் உக்கும், ஆகவே கையால் இழுத்துப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

எங்கள் செம்மண் கோடையில் இறுகிப்போய், பந்தை ஏற்றி வைக்கிற டீ ஆணி இறங்காது. தண்ணீர் இறைக்கிற குழாயில் ஒரு துண்டு வெட்டித் தும்பு விரிப்பில் ஓட்டை போட்டுச் செருகினேன், நல்ல டீ. உயரத்தில் கவனமாக இருங்கள். பெரிய தலைக்குப் பந்தின் பாதி தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பழைய சிறிய தலைப் பழக்கத்தில் தாழ்வாக வைத்தால் குறி எல்லாம் அடிவிளிம்பில்தான் விழும், டிரைவரைக் குறை சொல்வார்கள். வலையில் அடிக்கும்போது பந்து எங்கே பறக்கிறது என்று தெரியாது. குறியையும் சத்தத்தையும் மட்டுமே நம்பலாம். பறப்பை மைதானத்தில்தான் பார்க்க வேண்டும்.

பாவித்த டிரைவர் வாங்குவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இரண்டு மூன்று வருடம் பழைய மக்ஸ் வகை, புதியதை விட வெகு மலிவாக வரும். முகத்தை வெளிச்சத்தில் சரித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தலையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கடகட என்றால் பசை உடைந்து கிடக்கிறது. போலிகள் நிறைய உலாவுகின்றன. டைட்டேனியத்தில் காந்தம் ஒட்டாது. முகத்தில் சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் அது உருக்கு. அடியில் உள்ள பாரத் திருகில் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது வேறு உலோகமாக இருக்கலாம். கழுத்தில் தொடர் இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் தண்டுக் கழுத்து இன்னொன்றில் பொருந்தாது, ஆகவே தலை ஒரு இடத்தில், தண்டு ஒரு இடத்தில் என்று மலிவு பார்த்து வாங்கினால் இரண்டும் மூலையில் கிடக்கும்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு, மதிய வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் விட வேண்டாம். பிடியின் ரப்பர் இறுகும், ஒட்டிய பசைக்கும் அந்தச் சூடு நல்லதல்ல. கடற்காற்று டைட்டேனியத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். மாதத்தில் ஒருமுறை கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு தையல் மெசின் எண்ணெய் தடவிப் பூட்டுகிறேன். பிடியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினால் வியர்வைப் பிசுக்குப் போய்ப் புதியது மாதிரி ஒட்டும்.

இந்த முறை மச்சான் வரமுன் என்ன கொண்டுவர என்று கேட்டான். எழுதி அனுப்பினேன்: மக்ஸ் வகைத் தலை, 10.5 பாகை, ஆர் தண்டு, 45 அங்குலம், வலக்கை. அதோடு, திருகைத் திறக்கிற சாவியையும் மறக்காமல் பயணப்பெட்டிக்குள் வை என்றேன். கையில் வைத்து இறுக்கும்போது சரியான அளவில் ‘டிக்’ என்று நிற்கிற சாவி அது. சாதாரண சாவியால் இறுக்கினால் ஒன்றில் திருகு உடையும், இல்லாவிட்டால் அடிக்கும்போது தலை தளரும். “ஓம் அத்தான், டிரைவருக்கு முதல் சாவியை எடுத்து வச்சிட்டன்” என்று பதில் வந்தது.